சுத்தியல் தட்டிய பிறகுதான் செலவு

வெளிநாட்டு ஏலத்தில் பழங்காசு எடுத்துக் கொடுக்கிற தொழிலில், காசைப் பற்றிப் பேசுகிற நேரம் கொஞ்சம். அது வந்து சேருகிற செலவைப் பற்றிப் பேசுகிற நேரம்தான் அதிகம். ஆன்லைனில் முந்நூறு ரூபாய்ச் செருப்பை ஆசையாக அமுக்கிவிட்டு, கடைசிப் பக்கத்தில் டெலிவரிக் கட்டணத்தைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்களே, நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

போளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, ரேஷன் கார்டு வேலைகளுக்கு நடுவில் என்னை இதில் இழுத்துவிட்டவர், மலைமேல் காவலூரிலிருந்து வரும் முருகேசன் அண்ணா. ரிட்டயரான எலக்ட்ரீஷியன். ஆற்காடு நவாப் காலத்துச் செப்புக்காசு ஒன்று வைத்திருக்கிறார், எழுத்தெல்லாம் மழுங்கிப் போனது. அதே காசு தெளிவாக ஒன்று வாங்கிவிட வேண்டும், மனிதருக்கு வேறு ஆசையே கிடையாது. அவர் மனைவி வசந்தா அக்கா அதற்கென்று இருபதாயிரம் ஒதுக்கினார். கூடவே ஒரு நிபந்தனை: "அதுக்கு மேல ஒத்த ரூபா போச்சுன்னா, அந்தக் காசு ஆல்பத்த அடுப்புல வெச்சிடுவேன்."

புளியமர ஏலம்

அந்தக் காசு ஏலத்துக்கு வருகிறவரை, அண்ணா தன் பென்ஷனில் சில்லறைக் காசுகளை எடுத்துப் பழகினார். முதல் காசு லண்டனில் நாற்பது பவுண்டுக்கு விழுந்தது. அதற்கு எத்தனை ரூபாயோ அதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக மலையிறங்கி வந்தார்.

பில்லைப் பார்த்தால் கம்பெனி கமிஷன், கமிஷனுக்கு மேல் வரி, பேக்கிங், இன்ஷூரன்ஸ், தபால் என்று நீளுகிறது. கார்டில் கட்டினால் பேங்க் வேறு கொஞ்சம் கிள்ளிக்கொள்ளும். விதிமுறைப் பக்கத்தைப் படிக்காமல் அமுக்கியது என் தப்புதான். அசடு வழிந்தபடி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அண்ணா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

"பஞ்சாயத்துல புளியமரத்த ஏலம் எடுத்தா, ஏலம் வுட்டவனுக்குக் கூலி, ஏணிக்கு வாடகைன்னு எவனாச்சும் கேப்பானா? இன்னாம்மா அநியாயம் இது!"

ஒரே பெட்டி

ஒரு காசு அனுப்பினாலும் நாலு காசு அனுப்பினாலும் தபால் செலவு ஒன்றுதான் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சும்மா இருக்கக் கூடாதா நான்! அடுத்த ஏலத்தில் வேண்டியது ஒன்று, வேண்டாதது எட்டு. எட்டுக்கும் எட்டுக் கமிஷன். போதாக்குறைக்கு எடை கூடி, தபால் செலவும் ஒரு படி ஏறிவிட்டது. எதுக்குண்ணா இந்தக் குப்பை என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை.

"ஷேர் ஆட்டோ புட்ச்சாச்சு, காலியாவா ஓட்டச் சொல்ற?"

அக்கா சொன்ன தீர்ப்பு

அந்தப் பெட்டிக்குச் சுங்க வரி கேட்டு கூரியர்காரர்கள் போன் செய்தார்கள். அதைக் கட்டிவிட்டு வருவதற்கு அவர்களுக்குத் தனிக் கட்டணம். அடுத்த தடவை 'அன்பளிப்பு' என்று பொய் எழுதி, விலையையும் குறைத்துப் போடச் சொல்லு என்றார் அண்ணா. முடியவே முடியாது என்றேன். மாட்டினால் அபராதம், தொலைந்தால் எழுதின விலைதான் திரும்பி வரும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், வீட்டுக்காரியைத் துணைக்கு அழைத்து வந்தார்.

வசந்தா அக்கா சாமையும் தேனும் சென்னைக்குப் பார்சல் அனுப்பி விற்கிறவர். பில்லை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பினார்.

"நான் டப்பாவுக்கும் டேப்புக்கும் சேத்துதானே துட்டு வாங்கறேன்? வெள்ளைக்காரன் மட்டும் சும்மா அனுப்புவானா? பொய் எழுதாம ஒழுங்கா கட்டுங்க."

தொண்ணூற்றொன்று

கடைசியில் அந்த நவாப் காசு லண்டன் ஏலத்துக்கு வந்தேவிட்டது. இந்தத் தடவை விதிமுறையை வரி விடாமல் படித்தேன். இருபதாயிரத்திலிருந்து வரி, கூரியர், தபால், பேங்க், கமிஷன் எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே வந்தால், தொண்ணூற்றொரு பவுண்டும் கொஞ்சம் சில்லறையும் நின்றது. தொண்ணூறு என்று அடிக்கப் போனேன். அண்ணா கையை நீட்டித் தடுத்தார். மொய் எழுதும்போது மொட்டையாகத் தொண்ணூறு என்றா எழுதுவாய், ஒன்று சேர்த்து வை என்றார். லண்டன்காரன் என்ன காது குத்தா வைத்திருக்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே தொண்ணூற்றொன்று அடித்தேன். எந்த எண்ணைப் போட்டாலும் ஏற்கிற கம்பெனி அது.

மறுநாள் திரையில் முடிவு வந்தது. எங்களுக்கு அடுத்த ஆள் எழுதியிருந்தது சரியாகத் தொண்ணூறு. காசு எங்களுக்கு! அண்ணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், எதற்கு மறைக்க வேண்டும்?

"தொண்ணூறு எவன் வேணாலும் போடுவான்மா. அந்த ஒன்னு போடறதுக்கு நம்ம ஊருக்காரன்தான் வேணும்."

லக்கேஜ்

காசு வந்தது. ஒரு எழுத்துகூட மழுங்கவில்லை. அண்ணா அதை உள்ளங்கையில் தன் மழுங்கின காசுக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். மொத்தச் செலவு பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. அக்கா செலவுச் சீட்டைப் படித்தார். எல்லார் கட்டணமும் இருக்கிறது, ஏலம் எடுத்துக் கொடுக்கிற உன் கூலி முந்நூறு எங்கே என்று கேட்டார். ஊரார் கட்டணமெல்லாம் போட்டவள், என் கூலியைப் போட மறந்திருக்கிறேன்! இப்போது சேர்த்தால் ஆல்பம் அடுப்புக்குப் போகும். பரவாயில்லைக்கா, விடுங்க என்றேன்.

அடுத்த வாரம் மலை பஸ் கண்டக்டர் என் கடை வாசலில் ஒரு ராட்சதப் பலாப்பழத்தை இறக்கிவிட்டுக் கையை நீட்டினார். அதே நேரம் போனில் அக்கா.

"உன் கூலிக்குத்தான் கலை, நம்ம வூட்டுப் பழம். லக்கேஜ் டிக்கெட்டு மட்டும் நீ குடுத்துடு, அத்த நான் குடுத்தா இருபதாயிரம் தாண்டிடும்."

லண்டன் காசானாலும் காவலூர்ப் பலாவானாலும், கைக்கு வந்து சேருகிற செலவு வாங்குகிறவள் தலையில்தான் விடிகிறது.