சனிக்கிழமை மட்டும் வராத பழுது

போன வாரம் மும்பை செம்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போது போனில் ஒரு செய்தி வந்தது. நான் பல வருடங்களாக ஓய்வு நேரத்தில் பழுது பார்க்கும் எடிட்டர் ஒன்று உண்டு. எடிட்டர் என்றதும் பத்திரிகை ஆசிரியரை நினைத்துக்கொள்ளாதீர்கள். டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில், மவுஸைத் தொடாமல், விசைகளை மட்டும் தட்டி எழுதுகிற மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்தலாம். சம்பளம் கிடையாது, திட்டு தாராளமாகக் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதில் கேட்டிருந்தாள்: "நீங்கள் எழுதிய இந்த நிரல் வரிகள் இப்போது தேவையா? எடுத்துவிடலாமா? பக்கத்தில் 'கிரைண்டர் போட்டுச் சோதிக்கவும்' என்று குறிப்பு இருக்கிறது. கிரைண்டர் என்றால் என்ன?"

படித்ததும், கூட்டம் இடித்துத் தள்ளும் அந்தப் படிக்கட்டிலேயே எனக்குப் புளித்த மாவு வாசனை வந்துவிட்டது.

அந்த வரிகளை எழுதிய காலத்தில் நாங்கள் தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தோம். சந்து முழுக்கத் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். முக்கால்வாசி வீட்டில் இட்லி வியாபாரம். விடியும்போது அவித்து அடுக்கி, ஆபீஸ் போகிறவர்கள் வரும் இடமாகப் பார்த்து ஆண்கள் கொண்டுபோய் விற்பார்கள். சாயங்காலம் காப்பி குடித்த கையோடு பெண்கள் கிரைண்டரைப் போடுவார்கள். ஒரு வீட்டில் ஆரம்பித்தால் வரிசையாக எல்லா வீட்டிலும் கடகடவென்று ஓடும். அந்தச் சத்தத்தில் படித்து வளர்ந்தவள் நான். இன்றைக்கும் ஆபீஸில் ரொம்ப அமைதியாக இருந்தால் எனக்கு வேலை ஓடாது.

எங்களுக்கு இருந்தது ஒரே கோலி. அதாவது ஒரே அறை. அதற்கு மேலே பலகை அடித்த மாலா, நம் ஊர்ப் பரண் மாதிரி. மாலாவில் உட்காரலாம், நிமிர முடியாது. என் தலை எத்தனையோ முறை உத்தரத்தில் இடித்திருக்கிறது. அங்கேதான் என் கம்ப்யூட்டர், பழைய பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்த பெட்டி. படமும் ஜன்னலும் காட்டினால் அது மூச்சுவாங்கும், அதனால்தான் கறுப்புத் திரை. எளிமையே என் கொள்கை என்று பின்னாளில் நான் பீற்றிக்கொண்டதெல்லாம் சும்மா!

எதிர்வீட்டு இசக்கி பி.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தாராவிச் சிறுதொழில்கள் பற்றி ஒரு ப்ராஜெக்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் அப்பா ஊரில் மாப்பிள்ளை பார்த்துவைத்திருந்தார். "இந்த வருசம் முடிச்சாச் சரி. முடிக்கலன்னா படிச்சது போதும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபும் விடுமுறைக்கு மூடிவிட்டார்கள். "எங்கிட்ட வா. இந்த எடிட்டர்ல எழுதினது எங்கயும் போவாது" என்று நான் வீறாப்பாகக் கூப்பிட்டேன்.

வந்த அன்றே லேப் பழக்கத்தில் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திவிட்டாள். மற்ற இடங்களில் அது சேமிக்கிற விசை. டெர்மினலுக்கோ, நம் பாட்டன் காலத்து இயந்திரங்களின் மிச்சமாக, 'அப்படியே நில்' என்று அர்த்தம். திரை உறைந்துபோயிற்று. "ஏட்டி, செத்துப்போச்சு!" என்று அலறினாள். கண்ட்ரோலோடு க்யூவைத் தட்டியதும் உயிர் வந்தது. என்னை டாக்டரைப் போலப் பார்த்தாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் ஃபைலைத் திறந்தால், பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. துடைத்துவைத்த தட்டுப்போல இருக்கிறது. "மூணு அத்தியாயம்ட்டி" என்று இசக்கி மாலா ஏணியிலேயே உட்கார்ந்து அழுதாள். பென்டிரைவில் ஒரு பிரதி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரே பென்டிரைவ் அவள் அண்ணனிடம் இருந்தது, அது நிறையப் பாட்டு. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போகாது என்று வாக்குக் கொடுத்தவள் நானல்லவா?

காலியாகிப்போன ஃபைல்களின் நேரத்தைக் குறித்துவைத்துக் கவனித்தேன். சாயங்காலக் காப்பி நேரத்தில்தான் போகிறது. மற்ற நேரத்தில் ஒன்றுமில்லை. சனிக்கிழமை மட்டும் எந்த நேரத்திலும் போவதில்லை! பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்டதாக நினைத்து, எடிட்டரைக் கட்டி மேய்க்கும் வெளிநாட்டுக்காரருக்கு எழுதினேன். அவரைப் பெரியவர் என்று நினைத்து ஏகப்பட்ட மரியாதையோடு எழுதுவேன். என்னைவிட இளையவர் என்று பிறகுதான் தெரிந்தது. பாவம், அந்த மனுஷன் நிரலில் கிழமை பார்க்கிற இடத்தையெல்லாம் தோண்டித் துருவினார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் கேட்டார்: "அந்த நேரத்தில் உங்கள் பக்கம் வேறு ஏதாவது நடக்கிறதா?"

நான் யோசித்துப் பார்த்துப் பதில் எழுதினேன்: "விசேஷமாக ஒன்றுமில்லை. வழக்கம்போல் கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப வரும், அவ்வளவுதான்."

அவரிடமிருந்து வந்தது ஒரே வரி. "கம்ப்யூட்டர் அணைகிறதா?!"

சத்தியமாகச் சொல்கிறேன், அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒரு வீட்டில் கிரைண்டர் போட்டால் பக்கத்து வீட்டு பல்பு மங்கும், ஃபேன் தளரும், டிவி கண் சிமிட்டும், என் பெட்டி படுத்து எழுந்திருக்கும். சந்தில் யாரும் அதைப் பழுது என்று சொன்னதில்லை. ஞாயிறு ஆபீஸ்கள் லீவு, இட்லிக்கு ஆளில்லை. அதனால் சனிக்கிழமை யாரும் மாவு அரைப்பதில்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்த மனுசன் சனிக்கெழமையத் தேடிட்டா இருந்தாரு? ஏட்டி, எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா!"

உண்மையான கோளாறு எடிட்டரிலும் இருந்தது. சேமிக்கச் சொன்னால் அது பழையதை முதலில் அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதும். நடுவில் மின்சாரம் சிமிட்டினால் இரண்டும் இல்லை. எங்கள் சந்தில் குழாயடிக்குப் போகிற எந்தப் பெண்ணும் அப்படிச் செய்யமாட்டாள். புதுக் குடம் நிரம்பியது தெரிந்த பிறகுதான் பழைய தண்ணீரைக் கொட்டுவாள். அதையே நிரலில் எழுதினேன். புதிதை வேறு ஃபைலில் எழுது, அது டிஸ்க்கில் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய், பிறகு பெயரை மாற்று. சில வரிகள்தான்.

ஆனால் சோதித்துக் காட்டாமல் ஏற்கமாட்டார்கள், அது எங்கள் எடிட்டர் கூட்டத்து வழக்கம். அந்த வெளிநாட்டுக்காரர் வீட்டிலோ மின்சாரம் சிமிட்டுவதே இல்லை. எங்கள் கோலியைத்தான் நம்பினார்கள். நான் மேலே, அம்மா கீழே, இசக்கி ஏணியில். அம்மா சுவிட்சில் கைவைத்து "போடப் போறேன்!" என்று குரல் கொடுப்பாள். நான் சேமிக்கும் விசையைத் தட்டுவேன். இருட்டு. பெட்டி எழுந்ததும் ஃபைலைத் திறந்து பார்ப்போம். திரும்ப "எம்மா, இன்னொருக்கப் போடு" என்பேன். "மோட்டார் போயிரும்ட்டி. மாவு அரைக்கதா, ஒன் பெட்டிய அணைக்கதா, ஒண்ணு சொல்லு" என்று கத்திக்கொண்டே போடுவாள்.

ஃபைல் ஒவ்வொரு முறையும் பிழைத்தது. ஆனாலும் இசக்கிக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு வழியில்லாமல் திரும்ப முதலிலிருந்து அடிக்க உட்கார்ந்தாள். அவள் முன்பு கையால் எழுதிவைத்திருந்த கசங்கிய தாள்களைப் பார்த்து நான் வாசிக்க, அவள் அடிப்பாள். கடைசி அத்தியாயம் முடிந்து அவள் சேமிக்கும் விசையைத் தட்டிய அதே நொடி, பக்கத்து வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் கிரைண்டரைப் போட்டார்கள். திரை அணைந்தது. இசக்கி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பெட்டி எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு ஒரு யுகம். திறந்தால், கடைசி வரியின் முற்றுப்புள்ளி வரை அப்படியே இருந்தது. அவள் கட்டிப்பிடித்த வேகத்தில் இருவர் தலையும் உத்தரத்தில் இடித்தன. அன்றைய சந்தோஷம் பிறகு வேலை கிடைத்தபோதுகூட எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மா குரல் கொடுக்காமல் கிரைண்டர் போட்டதில்லை. பக்கத்து வீடுகளும் பிடித்துக்கொண்டன. சாயங்காலமானால் சந்து முழுக்க, ஒவ்வொரு வாசலிலிருந்தும் "போடப் போறேன்!" கேட்கும். டிவி பார்ப்பவர்கள் டிவியை அணைப்பார்கள், நான் சேமிப்பேன்.

சந்து இருந்த இடத்தில் இன்று உயரமான கட்டடம். செய்தி அனுப்பிய அந்தப் பெண் கேட்டதும் சரிதான். நான் எழுதிய அந்த வேலையை இப்போது எடிட்டருக்கு அடியில் ஓடும் வேறொரு நிரலே செய்துவிடுகிறது. என் வரிகள் தண்டமாகத்தான் கிடக்கின்றன. மனசு கேட்காமல், அம்பர்நாத்தில் குடியிருக்கும் இசக்கிக்குப் போன் செய்தேன். ஒரு வங்கிக் கிளையை மேய்க்கும் அதிகாரி அவள்.

"எடுத்தா எடுத்துட்டுப் போவட்டும்ட்டி. நாந்தான் பாஸாயிட்டேம்லா" என்றாள்.

சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து, சம்மதம் என்று எழுதினேன். கிரைண்டர் என்றால் என்ன என்பதையும் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறையில் அம்மாவின் சின்ன டேபிள் கிரைண்டர் ஓடத் தொடங்கியது. விளக்கு மங்கவில்லை, ஃபேன் தளரவில்லை. அம்மா குரல் கொடுக்கவும் இல்லை. நான்தான் கொஞ்ச நேரம் அந்தக் குரலுக்காகக் காத்திருந்துவிட்டு, சேமிக்கும் விசையைத் தட்டினேன்.