பார்த்தேன் என்று சொன்ன பறவை

கோடியக்கரையில் கடலோரமாக ஒரு காட்டேஜ். இரண்டே அறை, பொதுவாக ஒரு வராந்தா. போன தை மாதம் நானும் மனைவியும் அங்கே மூன்று நாள் தங்கப் போனோம். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவள் பைனாகுலர் வாங்கிக் கொடுத்திருந்தாள். ஸ்ரீரங்கம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து நாலைந்து பறவைகளைப் பார்த்துப் பெயர் கண்டுபிடித்த தைரியத்தில், ஆபீசில் பறவை தெரிந்தவனாக நடந்துகொண்டிருந்தேன்.

அடுத்த அறையில் துவாக்குடியிலிருந்து வந்த ஒரு தம்பதி. அவர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலியால் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார். அந்த அம்மா முன்னால் போய் நின்று தோளைக் கொடுப்பார்.

முதல் நாள் சாயங்காலம் நால்வரும் சேர்ந்து உப்பளம் பக்கம் போனோம். தூரத்தில் உயரமாக ஒரு கூட்டம் நிற்க, "அதோ, பூநாரை!" என்று கத்தினேன்.

அவர் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "அது மஞ்சள் மூக்கு நாரைங்க. பின்பக்கம் கொஞ்சம் ரோஸ் இருக்கும். எல்லாரும் குழம்புறதுதான்" என்றார். எனக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னார். ஆனால் மனைவிக்குக் கேட்டுவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். அது சும்மா சிரித்த சிரிப்புதான். எனக்கு அப்படி எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் அவர் தன் நோட்டில், தானே வரைந்த ஒரு படத்தைக் காட்டினார். "கரண்டிமூக்கு உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். அலகு நுனி மட்டும் கரண்டி மாதிரி தட்டையா இருக்கும். முன்னெல்லாம் இங்க வந்திருக்கு. நான் வருஷா வருஷம் வரேன், கண்ணுல படவே மாட்டேங்குது."

மறுநாள் விடிந்ததும் நான் தனியாகப் போனேன். சேற்றில் சின்னச் சின்னதாகப் பழுப்புப் பறவைகள் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. திரும்பியபோது அவர் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மனைவியும் பக்கத்தில் இருந்தாள்.

"என்னங்க பார்த்தீங்க?"

"உங்க கரண்டிமூக்கு ஒண்ணைப் பார்த்த மாதிரி இருந்துச்சு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கிட்டே சேத்தைத் துழாவுச்சா?"

"ஆமாங்க, அப்படித்தான்."

"கால் கறுப்பா?"

"கறுப்புதான்."

பதிலை அவரே கேள்விக்குள் வைத்துத் தந்தார். எனக்குத் தலையாட்டுகிற வேலைதான்.

அன்று மத்தியானம் அவர்கள் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. கிளம்பவில்லை. நல்ல வெயிலில் நானே கூட்டிப் போய், "இந்த இடந்தாங்க" என்று ஒரு சேற்றுத் திட்டைக் காட்டினேன். அவர் ஸ்டாண்டில் தொலைநோக்கியை வைத்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஒருமுறை கால் வழுக்கி முழங்கால் வரை புதைந்தது. நானும் அந்த அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். வலியில் முகம் கோணியது. ஆனாலும் சிரித்தார்.

அவர் மறுபடி குனிந்ததும் அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "நாளைக்கு ஜீயபுரத்துல எங்க அண்ணன் பேரனுக்குக் காதுகுத்துங்க. வர முடியலைன்னு போன் பண்ணிட்டேன். அண்ணனுக்குக் கோபந்தான். இருக்கட்டும். ரிட்டயர் ஆனதுலேருந்து இவரை இவ்வளவு சந்தோஷமா நான் பார்க்கலை."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், அந்தப் பறவையை நான் பார்க்கவே இல்லை என்று மனைவியிடம் மட்டும் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்தாள். "போய்ச் சொல்லுங்க. இப்பவே."

போனேன். வாசலில் நின்றபோது வாயில் வந்தது வேறு. "சரியாத்தான் பார்த்தேனான்னு இப்ப சந்தேகமா இருக்குங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அரிய பறவையைப் பார்த்தவங்க எல்லாருக்கும் அப்படித்தாங்க இருக்கும். சந்தேகப்படாதீங்க."

அவர்கள் மறுநாளும் தேடிவிட்டு, வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள்.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். அவருடைய நோட்டின் ஒரு பக்கம். தேதி, இடம், பறவையின் பெயர். அதன் கீழே அச்சடித்த மாதிரி கையெழுத்தில், 'பார்த்தவர்: ஸ்ரீரங்கம் நண்பர்.'

ஞாயிற்றுக்கிழமை துவாக்குடிக்குப் பஸ் ஏறினேன். உட்காரச் சொல்வதற்குள் உண்மையைச் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நோட்டை எடுத்து, ஸ்கேலை வைத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டார்.

"பறவை பார்க்கிற ரெண்டு பேர்கிட்ட சொல்லியிருக்கேன். ஒருத்தர் அடுத்த வாரம் கோடியக்கரை கிளம்புறாரு. ஒரு நிமிஷம் உட்காருங்க."

என் முன்னாலேயே இருவருக்கும் போன் செய்தார். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னார்: "தப்பாயிடுச்சுங்க. நான்தான் சரியா விசாரிக்காம சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க." எதிர்முனையில் யாரோ சத்தமாகப் பேசுவது எனக்குக் கேட்டது. "ஆமாங்க, என் தப்புதான்" என்றார். நான் அங்கே இருப்பதை அவர் சொல்லவில்லை. போனைப் பிடுங்கி, 'பொய் சொன்னது நான்' என்று சொல்லியிருக்கலாம். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். கிளம்பும்போது அவர், "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா கேட் வரை வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன்.

தெரியும். மனைவி சிரித்த அந்தச் சிரிப்புக்காகத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த அம்மா தலையாட்டிவிட்டுக் கேட்டைச் சாத்தினார். அதன்பின் அவர் வீட்டுக்காரரிடமிருந்து படமும் வரவில்லை, போனும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.