நிமிர்ந்திருந்த கொட்டாங்கச்சி

குடியை விட நினைக்கிறவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று எனக்கு வழி சொன்னவன் கள்ளுக்கடைக்காரன். சிரிக்காதீர்கள். வாடிக்கையை இழந்தவனுக்குத்தானே அது தெரியும்!

ரயில்வே ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியபோது கூடவே வந்த ஃபிட்டர் நான். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் குடி. ஒரு நாள் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே போதையில் சரிந்தேன். குழந்தையின் நெற்றி அம்மியில் மோதிப் பிளந்தது. நாலு தையல். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு லால்குடியில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

"தை வரைக்கும் ஒரு சொட்டு குடிக்காம இருந்தா வரேன். ஆனா நீங்க சொல்லி நம்ப மாட்டேன். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. நாணயமான ஆள் யாராவது வந்து சொல்லட்டும்" என்றாள். எனக்காக வாக்குக் கொடுக்க நாணயமான ஆளுக்கு நான் எங்கே போவேன்?

எங்கள் கள்ளுக்கடையில் வாடிக்கைக்காரன் ஒவ்வொருவனுக்கும் சொந்தமாக ஒரு கொட்டாங்கச்சி உண்டு. அடையாளம் கீறி, விளிம்போரத் துளையில் கயிறு கட்டி, சுவரில் ஆணியில் மாட்டியிருக்கும். வேறு எதில் ஊற்றினாலும் எங்களுக்குத் தொண்டையில் இறங்காது. அந்தச் சுவரில் ஏழு ஆணிகள் காலியாக இருந்தன. எங்கே என்று கேட்டால் கடைக்காரன் எரிந்து விழுந்தான்.

"எடுத்துக்கிட்டுப் போயிட்டானுங்க. சீரங்கத்துல, கொள்ளிடக்கரையில, சுடுகாட்டுக்குப் போற வழியில பாழுஞ்சாவடி ஒண்ணு இருக்குல்ல? ஞாயித்துக்கிழமை மத்தியானம் அங்கதான் கூடி அழுவுறானுங்க. நீயும் உன்னோடதைக் கொண்டு போ. திரும்பி வர்றப்ப மறக்காம எடுத்துட்டு வா."

போனேன். கார்த்திகை மாதம், ஆனாலும் வெயில் சுட்டது. கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. சாவடிக்குள் ஆறு பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒரு பலகை. அதில் ஆறு கொட்டாங்கச்சிகள் கவிழ்ந்திருந்தன. ஏழாவது மட்டும் வாயைத் திறந்து நிமிர்ந்திருந்தது. உள்ளே ஈரம், விளிம்பில் எறும்பு. துளிக் காற்று இல்லை, அது மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"அது யாரோடது?"

"முதல்ல வந்தவரோடது, தம்பி." சொன்னவர் அந்தக் கூட்டத்துக்கு மூத்தவரான பாய், டவுனில் தோல் வியாபாரம் செய்தவர். "ஆடியில திரும்பக் குடிச்சாரு. வெள்ளத்துல போயிட்டாரு. வாராவாரம் அதைக் கழுவிக் கவுத்துட்டுத்தான் போறோம். வந்து பார்த்தா இப்படி நிமிர்ந்து நிக்குது."

ஓடியிருப்பேன். குழந்தையின் நெற்றி நினைவுக்கு வந்தது. என் கொட்டாங்கச்சியை எட்டாவதாகக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த வாரம் எப்போது நாக்கு ஊறியது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள், அவ்வளவுதான் கூட்டம். என் முறை வந்தபோது மனைவி லால்குடிக்குப் போனதையும் அவள் கேட்ட வாக்கையும் சொன்னேன். கிளம்பும்போது பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தை வரைக்கும் தாங்குங்க தம்பி. லால்குடிக்கு நானே போய்ச் சொல்றேன்."

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை தாங்கவில்லை. மேஸ்திரி எல்லார் முன்னாலும் ஏசினான். நேரே கடைக்குப் போய் ஒரு புட்டி கள் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் உறைத்தது, என் கொட்டாங்கச்சி சாவடியில் அல்லவா இருக்கிறது! அட மடையா, புட்டியோடு குடித்தால் ஆகாதா? அது தோன்றவே இல்லை. சைக்கிளைக் கொள்ளிடம் வரைக்கும் மிதித்தேன்.

சாவடியில் யாரும் இல்லை. என் கொட்டாங்கச்சியில் கை வைத்தேன். எடுக்க வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. என் கைக்குத்தான் மனசில்லையா, பலகை பிடித்ததா, இன்றுவரைக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த செத்தவனின் கொட்டாங்கச்சி தொட்டவுடன் புரண்டு நிமிர்ந்தது. அதில் புட்டி முழுவதையும் ஊற்றினேன். அது நிரம்பி வழிந்து மண்ணில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு ஆற்றில் கழுவி, என் கையாலேயே கவிழ்த்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனால், அது நிமிர்ந்திருந்தது. புதுக் கள் வாடை. நான்தான் கவிழ்த்துவிட்டு வந்தேனே! திடுக்கிட்டு மற்றவர்களைப் பார்த்தேன். ஆறு தலைகளும் குனிந்திருந்தன. பாயின் தலையும்தான். அடப்பாவிகளா, எல்லாருமே வந்து அவனுக்கு ஊற்றிவிட்டுப் போகிறோமா என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் அங்கே உட்கார முடிந்தது.

பாயை மட்டும் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "லால்குடியில இதையும் சொல்லிடுங்க பாய். மறைக்க வேண்டாம்." அவர் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். தை பிறந்தது, மனைவி வந்துவிட்டாள். குழந்தை தழும்போடு என்னிடம் தாவி வந்தது. நான் குமுறி அழுதேன்.

தை அமாவாசையன்று மனைவி சோறு வடித்து, ஒரு உருண்டை தனியாக எடுத்தாள். "உங்க பங்கை அந்த மனுஷன்தானே குடிச்சாரு. அவருக்கும் வைக்கணும்" என்று இலையில் மதில்மேல் வைத்தாள். கா கா என்று கூப்பிட்டாள். மதில் நிறையக் காக்கைகள் வந்து உட்கார்ந்தன. ஒன்றுகூட இலையைத் தொடவில்லை. நெய் விட்டாள், எள் தூவினாள். ம்ஹூம்.

"வேற ஏதோ கேக்குறாரு. என்னன்னு தெரியலையே" என்றாள்.

எனக்குத் தெரிந்தது. என் நாக்கு ஊறிக்கொண்டிருந்தது.