வானம் பார்த்த பெட்டி

2018 ஜூன், ஒரு சனிக்கிழமை காலை. ஹென்டர்சன் புறநகருக்கு அப்பால், கைபேசிச் சிக்னல் எட்டாத மலைச்சரிவில், மறைந்த என் மனைவியின் தேனீப் பெட்டிகளின் எடையைச் செயற்கைக்கோள் வழியே அறிவிக்கும் கருவி பொருத்தப்பட்டது.

பொருத்தியவர் நெடிய மலேசியத் தமிழர். எதையும் தொடுமுன் உள்ளங்கையை உயர்த்தி, மரங்களுக்கிடையே தெரியும் வானத்தை அளப்பார்.

"வேலை செய்யுமோ?" என்றேன்.

"கண்டிப்பா, அங்கிள். ஒரு நாளைக்கு நாலு மெசேஜ் வரும். அந்தக் கிளை கொஞ்சம் வானத்தை மறைக்குது, பிறகு வெட்டிடுங்க. வீடியோ கேட்டு மட்டும் சண்டைக்கு வராதீங்க. எந்த நம்பருக்கு அனுப்பணும்?"

என்னையறியாமல் ஓர் எண்ணைச் சொன்னேன். பிறகு, "அது அவவின்ர நம்பர். அவ இப்ப இல்லை" என்றேன்.

அவர் அதையே பதிந்தார். "இருக்கட்டும், அங்கிள். எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்."

கருவி ஒருநாளும் தவறவில்லை. நியூ லினில் உள்ள என் வீட்டில் அவளுடைய கைபேசி தினமும் நான்கு முறை ஒலிக்கிறது.

இன்னும் செய்யாதவை:
வானத்தை மறைக்கும் கிளையை வெட்டுவது.
கருவி பொருத்தியவருக்கு ஒரு போத்தல் தேன் கொடுப்பது.
எண்ணை மாற்றுவது.