கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

செல்போனில் புதுப் பக்கம் வரப்போகிறது என்று தேயிலை ஃபேக்டரி ஆபீஸ் பெண் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். எதற்கு வந்தோம் என்று அங்கே நின்று யோசிப்பேன். அதற்குள் பால் பொங்கி வழிந்து நாற்றம் வரும்.

எங்கள் ஊர் குன்னூருக்குக் கீழே, மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து ஏறும் ஒரு மண்பாதையின் உச்சியில் இருக்கிறது. எல்லோருக்கும் துண்டு துண்டாகத் தேயிலைத் தோட்டம். காலையில் பறித்த கொழுந்தை மத்தியானம் எலை ஷெட்டுக்குக் கொண்டுவந்து எடை போட்டு வைப்போம். சாயங்காலத்துக்குள் ஃபேக்டரி லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆனால் லாரி தானாக மேலே ஏறாது. கூப்பிட்டால்தான் ஏறும், கூப்பிடாவிட்டால் கீழ் ரோட்டோடு போய்விடும். அந்தக் கூப்பிடுகிற வேலை என்னுடையது. ஷெட் நிற்பது என் நிலத்தின் ஓரத்தில். முன்னால் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவர் போன பிறகு நான்.

முதலில் டிரைவருக்கு போன் போட்டு, "எலை இருக்குது, மேல வாப்பா" என்றால் போதும். பிறகு ஃபேக்டரிக்காரர்கள் அதற்கென்று செல்போனில் ஒரு பக்கம் திறந்தார்கள். அதில் நாலு கட்டங்கள். லாரி வேண்டும் என்றால் ஒரு கட்டம், இன்றைக்குக் கொழுந்து இல்லை என்றால் இன்னொன்று, எடை பார்க்க ஒன்று, புகார் சொல்ல ஒன்று. இனி யாரும் டிரைவரைக் கூப்பிடக் கூடாது, வண்டி ஓட்டும்போது அவர் போன் எடுக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு எழுத்தே தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டு படிப்பேன். பஸ் போர்டில் எழுத்து உள்ளங்கை அகலம் இருக்கும், நின்று நிதானமாக ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்ளலாம். செல்போன் எழுத்து கடுகு மாதிரி. பக்கத்தில் நாலு பேர் நின்று பார்த்தால் தெரிந்த எழுத்தும் மறந்துபோகும். அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். லாரிக் கட்டம் எங்கே வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தில், கண்ணாடியின் மேலேயே, ஒரு சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்தேன். பக்கத்தைத் திறந்து பொட்டின் மேல் அழுத்தினால் லாரி வந்துவிடும். யாராவது கேட்டால் அழகுக்கு ஒட்டியிருக்கிறேன் என்பேன். பொட்டு உதிர்ந்தால் அதே இடத்தில் வேறு ஒட்டுவேன். மழைக்காலம், பனிக்காலம் எல்லாம் அப்படியே ஓடியது.

அப்போதுதான் அந்த போன் வந்தது.

"அம்மா, திங்கக்கெழமையில இருந்து பக்கம் புதுசுங்க. சர்வர் மாத்தியாச்சு. பழசு மாதிரி சுத்திக்கிட்டே நிக்காது. தொட்ட ஒடனே போயிரும்."

"சர்வருன்னா என்ன அம்முணி?"

"எல்லாச் சேதியும் போய்ச் சேர்ற பெரிய கம்ப்யூட்டருங்க. எங்கியோ இருக்குது."

"எங்கியோன்னா? நம்ம ஃபேக்டரியில இல்லியா?"

"இல்லீங்கம்மா. பாம்பேயில இருக்கும்னு நெனைக்கறேன். நானே பாத்ததில்ல."

எங்கள் ஷெட்டில் கொழுந்து இருக்கிறது என்ற சேதி பம்பாய்க்குப் போய்விட்டுத்தான் ரெண்டு வளைவு கீழே நிற்கும் லாரிக்கு வருகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இன்னொரு வசதியும் புதுசா வருதுங்க. மேல ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும். அதைத் தொட்டீங்கன்னா பக்கத்துல இருக்கறத எல்லாம் சத்தமாப் படிச்சுச் சொல்லும்."

"எனக்கெதுக்கு அது? எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

"ஐயோ, உங்களுக்குன்னு சொல்லலீங்கம்மா. பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாச் சொன்னா சரி."

போனை வைத்துவிட்டேன். ஆனாலும் மனசு நிற்கவில்லை. காரணம், எங்கள் ஊர் பென்ஷன்காரர். கோயமுத்தூரில் ஏதோ ஆபீசில் இருந்துவிட்டு, அப்பன் வைத்துப்போன தோட்டத்தைப் பார்க்க வந்தவர். தங்கமான மனிதர், ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் கஷ்டமே. ஷெட் படியில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேப்பர் படிப்பார். லாரி கொஞ்சம் தாமதமானால் போதும், "அக்கா, உங்களுக்குச் சிரமமா இருந்தா அந்த போன் வேலைய நான் பாத்துக்கட்டுங்களா?" என்பார், அவ்வளவு மரியாதையாக. சண்டைக்கு வந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசலாம். மரியாதைக்கு என்ன பதில் சொல்வது?

அந்த வேலை என் கையை விட்டுப் போனால் ஷெட்டில் நான் யார்? மூட்டையை இறக்கிவிட்டுப் போகிற இன்னொரு கிழவி. இப்போது எவள் தலைச்சுமையோடு வந்தாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். "சொல்லியாச்சுங்களா அக்கா?" என்பாள். "சொல்லியாச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் சும்மாட்டை உதறுவாள். அதை நான் எவருக்கும் விட்டுக் கொடுக்கிறதாக இல்லை.

திங்கட்கிழமை வந்தது. முந்தின வாரம் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்ததால் செடியெல்லாம் ஒரே துளிர். மத்தியானத்துக்குள் ஷெட்டில் மூட்டை மேல் மூட்டை. வழக்கம்போல் என் மூட்டைகள் அடியில். முதலில் கொண்டுவருகிறவள் நான்தான். பனி இறங்கிக் கீழ் வளைவு மறைந்துவிட்டது.

ஷெட்டில் தராசுக்கு முன்னால் இருக்கும் படியில்தான் சிக்னல் கிடைக்கும். ஓர் அடி தள்ளினாலும் கிடையாது. அங்கே நின்று பக்கத்தைத் திறந்தேன். பச்சையும் மஞ்சளுமாக இருந்த கட்டங்கள் எல்லாம் ஒரே நீலமாக இருந்தன. ஆனால் பொட்டுக்கு அடியில் ஒரு கட்டம் இருந்தது. அது போதும் என்று நினைத்து அழுத்தினேன். என்னவோ கேட்டது, ரெண்டு பொத்தான் காட்டியது. பெரியதைத் தொட்டேன். டிக் அடித்துவிட்டது. அந்தப் பெண் சொன்னபடியே கொஞ்சம்கூடச் சுற்றாமல், தொட்டவுடனே.

"சொல்லியாச்சுங்களா அக்கா?" என்றாள் மேல்தோட்டத்துக்காரி. அவள் வாய் சும்மா இருக்காது, கை அதைவிடச் சும்மா இருக்காது. ஊரிலேயே அதிகம் பறிக்கிறவள் அவள்தான்.

"சொல்லியாச்சு."

கொஞ்ச நேரத்தில் கீழே லாரிச் சத்தம் கேட்டது. பாதை பிரிகிற இடத்தில் கியர் மாற்றினால் ஒரு முனகல் கேட்கும், எங்கள் எல்லோருக்கும் அது பழக்கம். அன்றைக்கு அந்த முனகல் கேட்கவில்லை. சத்தம் அப்படியே நேராகப் போய்ப் பனிக்குள் அடங்கிவிட்டது.

"வண்டி போகுதுங்க அக்கா!"

"திரும்பி வரும். கீழ் ஷெட்டுல ஏத்திட்டு வருமா இருக்கும்."

சொல்லிவிட்டேனே தவிர என்னால் நிற்க முடியவில்லை. தராசுக்கும் படிக்குமாக நடந்தேன். ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. பறித்த கொழுந்தை மூட்டையில் அடைத்தே வைத்திருந்தால் அது புழுங்கும். புழுங்கினால் சிவக்கும். சிவந்ததை ஃபேக்டரியில் தொடமாட்டார்கள். ஒரு வாரத்துத் துளிர் முழுக்க, ஊர் முழுக்கப் பறித்தது, அங்கே மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

பென்ஷன்காரர் பேப்பரை மடித்து வைத்தார். "அக்கா, போனக் குடுங்க. என்னன்னு பாக்கலாம்."

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க."

போனை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு சில்வர் ஓக் மரம் உண்டு, யாரும் பார்க்க மாட்டார்கள். பொட்டைப் பிய்த்து எடுத்துவிட்டுக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். பஸ் போர்டைக் கூட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கூட்டினேன். முதல் வார்த்தை 'இன்று'. அடுத்தது நீளம், மூன்று தடவை கூட்ட வேண்டியிருந்தது. 'கொழுந்து'. மூன்றாவது வார்த்தையைப் படிக்கவே வேண்டாம், புரிந்துவிட்டது. இருந்தாலும் படித்தேன். 'இல்லை'.

எனக்கு வந்தது கோபம்தான். நான் போட்ட இடத்தில்தான் பொட்டு இருக்கிறது. நான் நகரவில்லை, பொட்டு நகரவில்லை. பம்பாயில் எவனோ கட்டத்தை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டான். வீட்டில் உப்பு டப்பாவை மாற்றி வைத்தால்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுவார்கள்.

லாரிக் கட்டத்தைத் தேடினேன். காணோம். டிக் விழுந்த பிறகு மற்றக் கட்டங்கள் எல்லாம் மறைந்து, கீழே என்னவோ நாலைந்து வரி, கடுகு கடுகாக. அதைக் கூட்டி முடிப்பதற்குள் லாரி கீழ் ஷெட்டுகளை முடித்து ஃபேக்டரிக்கே போய்விடும். எப்படியும் சிக்னலுக்குப் படிக்குத்தான் போக வேண்டும். படிக்குப் போய் ஆபீஸ் பெண்ணைக் கூப்பிட்டேன். லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும் அதேதான். அன்றைக்கு மலையில் இருக்கிற ஷெட்டெல்லாம் அந்தப் பெண்ணைத்தான் கூப்பிட்டிருக்கும்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பென்ஷன்காரர் எழுந்து வந்து கையை நீட்டினார். கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும், எனக்குத் தெரியும். கொடுத்த கை அதற்குப் பிறகு சும்மாவே இருக்க வேண்டியதுதான், அதுவும் தெரியும். மேலே அந்த ஸ்பீக்கர் படம் இருந்தது. தொட்டால் சத்தமாகப் படிக்கும். இவளுக்குப் படிக்கத் தெரியாது, செல்போன் படித்துச் சொல்கிறது என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

மூட்டைகளைப் பார்த்தேன். ஸ்பீக்கர் படத்தைத் தொட்டுவிட்டேன்.

ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல் ஷெட் முழுக்கக் கேட்டது. "இன்று கொழுந்து இல்லை என்று பதிவாகியுள்ளது. மாற்ற விரும்பினால், கீழே தொடவும்."

மேல்தோட்டத்துக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடி ஆத்தி! கொழுந்து இல்லியாமா! அப்ப இத்தன மூட்டையில இருக்கறது என்னுங்க அக்கா, பஞ்சா?"

ஷெட்டே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. பென்ஷன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "இப்பவாச்சும் குடுங்கக்கா" என்றார் மெதுவாக.

"அது படிக்குது, நான் அமுத்தறேன். நீங்க போயி அந்த மூட்டையெல்லாம் அவுத்துக் கீழ கொட்டி ஆத்துங்க."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார்.

குரல் சொன்ன இடத்தில் எல்லாம் தொட்டேன். அது ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகத் தேட. கடைசியில், "உங்கள் பகுதிக்கு வாகனம் கோரப்பட்டுள்ளது" என்றது. வாகனமாம். மேல்தோட்டத்துக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள், சாமி வாகனம் வருகிற மாதிரி.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் பெரிய கொடுமை. கொட்டிய கொழுந்தைக் குனிந்து குனிந்து கையால் கிளறினோம். காது மட்டும் கீழ் ரோட்டில் இருந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. ஒரு ஜீப் போனது, ஒரு பஸ் போனது, ஒவ்வொரு தடவையும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தோம். கடைசியில் அந்த முனகல் கேட்டது. பனிக்குள் ரெண்டு மஞ்சள் விளக்கு ஆடி ஆடி ஏறி வந்தன.

"இல்லேங்கறீங்க, இருக்குதுங்கறீங்க. நான் பாதி தூரம் போயிட்டுத் திரும்பி வர்றேனுங்க" என்று டிரைவர் எரிந்து விழுந்தார்.

மேல் மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடியில் இருந்தவைதான் நிறம் மாறியிருந்தன. அவை என்னுடையவை. ஏற்ற வந்தவனை நிறுத்தி, அவற்றை நானே இழுத்து ஓரமாகப் போட்டேன். மற்றவர்கள் கொழுந்தோடு அது கலந்து போக வேண்டாம்.

லாரி இறங்கிய பிறகு மேல்தோட்டத்துக்காரி என் பக்கத்தில் வந்து சும்மாட்டை உதறினாள். "அக்கா, அழகுக்குப் பொட்டு ஒட்டறவிய நெத்தியில ஒட்டுவாங்க. போனுல ஒட்டினப்பவே எங்களுக்குத் தெரியுமுங்க."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"லாரி வந்துட்டுத்தான இருந்துச்சு? அப்புறம் என்னத்தச் சொல்றது?"

அதிலிருந்து தினமும் படியில் நின்று அந்தக் குரலைச் சத்தமாகவே வைக்கிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு, நான் பேசினால் அதை எழுத்தாக்கும் மைக் படத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். இதைக்கூட அப்படிப் பேசித்தான் எழுதுகிறேன். பிழைகளை, கட்டிக்கொடுத்து வெளியூரில் இருக்கிற மகள் வரும்போது திருத்துகிறாள். பென்ஷன்காரர் பழையபடி பேப்பர் படிக்கிறார். பாத்துக்கட்டுங்களா என்று கேட்பதில்லை. ஆனால் குரல் பேசும்போது பேப்பரைத் தாழ்த்தி என் விரல் எங்கே போகிறது என்று கவனிக்கிறார். அதை நானும் கவனிக்கிறேன்.

போன வாரம் ஆபீஸ் பெண் மறுபடியும் கூப்பிட்டாள். வருகிற திங்கட்கிழமை இன்னொரு அப்டேட் வருகிறதாம். எங்கள் ஊர் மழை எப்போது வரும் என்றுகூடச் சொல்லுமாம்.

"மழைய நான் வானத்துல பாத்துக்கறேன் அம்முணி. அந்தக் கட்டத்த மட்டும் நகத்த வேண்டாம்னு அவியகிட்டச் சொல்லு."

"அது நம்ம கையில இல்லீங்கம்மா."

கண்ணாடியில் பொட்டு இருந்த இடத்தில் பசை இன்னும் வட்டமாக ஒட்டியிருக்கிறது. துடைத்தும் போகவில்லை. பக்கத்தைத் திறந்ததும் குரல் பேச ஆரம்பிப்பதற்குள் விரல் அங்கே போய் நின்றுகொள்கிறது. தொடாமல் பிடித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வரட்டும்.