சரிங்க என்றால் சம்மதம் அல்ல

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மரியாதையான மனிதர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் பிறந்தது அந்தியூர், வாழ்க்கைப்பட்டது கோயம்புத்தூர். 'ங்க' போடாமல் பேசினால் நாக்குக் கூசுகிற ஊர்கள் இரண்டும். நானும் போடுகிறவள்தான். ஆனால் என் வீட்டுக்காரர் போட்ட 'ங்க'வுக்கு எங்கள் வீட்டுச் சுவர்களை விலையாகக் கொடுத்தோம். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

அவர் ஒரு பம்பு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றார். பி.எஃப். பணம் மொத்தமாக வந்தது. காரமடையில் அவர் பேரில் ஒரு மனை முன்பே வாங்கிப் போட்டிருந்தோம். அதில் வீடு கட்டத்தான் அந்தப் பணம் என்பதில் எங்களுக்குள் இரண்டு பேச்சு இருந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து கோயம்புத்தூர் கணபதியில் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் எப்போது தண்ணீர் திறந்துவிடுவாள் என்பதைப் பொறுத்துத்தான் நான் துணி துவைக்க வேண்டும், மாவாட்ட வேண்டும், குளித்துப் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும். தமிழ் டீச்சர் என்று வெளியே எனக்கு எத்தனையோ வணக்கம். வீட்டில் ஒரு வாளித் தண்ணீருக்கு மாடியைப் பார்த்து, "ஏனுங்கக்கா, கொஞ்சம் தொறந்து உடறீங்களா?" என்று கெஞ்ச வேண்டும். யாரையும் கேட்காமல் திறக்கிற குழாய் உள்ள ஒரு வீடு. நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

கொத்தனார் அஸ்திவாரம் போட்டு பேஸ்மெண்ட் மட்டம் வரை கொண்டுவந்துவிட்டார். அதற்கு மேல் கட்டங்கட்டமாகத்தான் பணம் தேவைப்படும் என்பதால் மீதி வங்கியில் இருந்தது. இருந்தது என்று நான் சொல்கிறேன். அவருடைய பேக்கரி நண்பர்கள், "சும்மா கெடக்குதுங்க" என்றார்கள்.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் கெட்டுப்போக டாஸ்மாக் வேண்டியதில்லை, பேக்கரியே போதும். காலையில் நடைப்பயிற்சி என்று கிளம்புவார்கள். கால் நடப்பது பேக்கரி வரைக்கும்தான். அங்கே ஒரு டீயும் ஒரு தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு நின்றால் ஒன்பது மணி வரை நாட்டின் பொருளாதாரத்தைக் கரை சேர்ப்பார்கள். முன்பெல்லாம் மனை விலை பேசினார்கள், அப்புறம் ஈமு கோழி பேசினார்கள். ஈமுவில் பணம் போட்டுச் சிறகு கூட மிஞ்சாதவர்கள் இதே கூட்டத்தில் உண்டு. அவர்களுக்கும் வெட்கமில்லை, எல்லார் கையிலும் செல்போன், செல்போனில் ஷேர் மார்க்கெட். மார்க்கெட் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. வாங்கினவனெல்லாம் புத்திசாலி.

"பேங்க்ல போட்டு என்னங்க பண்றது? வட்டி டீச்செலவுக்குக் காணாதுங்க" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இவர், "சரிங்க" என்றிருக்கிறார். அன்றைக்கே இரண்டு பேர் கையைப் பிடிக்காத குறையாகக் காந்திபுரத்தில் ஒரு புரோக்கர் ஆபீசுக்கு அழைத்துப் போய்க் கணக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

என்னிடம் சொன்னார், மறைக்கவில்லை. "ரெண்டு மூணு நல்ல கம்பெனியில கொஞ்சம் வாங்கிப் போட்டு அப்படியே உட்டுறலாம் அம்மணி. கொத்தனாருக்குக் குடுக்கற காசுல கை வெக்கறதில்ல" என்றார். அந்தியூர்ச் சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் எவனும் கயிற்றைக் கையில் வாங்க மாட்டான். இவர் அந்தக் கம்பெனிகள் என்ன செய்கின்றன என்று கூடக் கேட்கவில்லை. ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க என்று நான் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த ஆபீசிலிருந்து தினமும் காலையில் ஒரு பெண் கூப்பிடுவாள். டீலர் என்று பெயர். நமக்காக வாங்குவதும் விற்பதும் அவள் வேலை. எடுத்த எடுப்பிலேயே, "அப்பா, சாப்டீங்களா?" என்பாள். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் நினைவிருந்தால், கூப்பிடுகிறவன். இவள் தினமும் அப்பா அப்பா என்றதும் இவர் உருகிவிட்டார். பேசும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு பூரிப்பு. அந்தப் பூரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரியும். பேசிப் பேசியே அவள் சம்பளம் வாங்குகிறாள் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

சில வாரம் ஏறியது. பேக்கரியில் எல்லாருக்கும் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார். பிறகு எங்கேயோ ஒரு நாட்டுக்காரன் ஏதோ வரி போடுகிறேன் என்றான், இன்னொரு இடத்தில் சண்டை என்றார்கள். மார்க்கெட் ஒரு நாள் விழும், மறுநாள் பாதி ஏறும், அதற்கடுத்த நாள் இன்னும் கீழே விழும். விழுந்தபோது பேக்கரிக் கூட்டம், "எறங்கறப்பத்தானுங்க வாங்கோணும், மொத்தத்துல வாங்குன வெல ஆவரேஜ் ஆயிரும்" என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டது. இன்னும் விழுந்தபோது கூட்டமே மெலிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். "ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார்.

விஷயம் கொத்தனார் மூலம்தான் வெளியே வந்தது. பள்ளிக்கூட வாசலுக்கே வந்து நின்றார் அந்த மனிதர்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். சித்தாளு, பெரியாளு எல்லாரும் வேற சைட்டுக்குப் போயிட்டாங்க. அய்யா நாளைக்கு நாளைக்குங்கறாரு. கட்டறதா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டா நான் பலகையைக் கழட்டிட்டுப் போயிருவனுங்க."

அன்று சாயங்காலம் நான் போட்ட சத்தத்தில் மாடி அம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொத்தனாருக்கென்று வைத்திருந்த பணமும் கொஞ்சம் கொஞ்சமாக வங்கியிலிருந்து அந்த ஆபீஸ் கணக்குக்கு மாறி, அங்கே போய்விட்டது. எதில் போனது என்று கேட்டால் ஆப்ஷன் என்றார். அது என்ன கருமம் என்றேன். "ஒரு மாதிரி அட்வான்ஸ் குடுக்கறாப்பல. சொன்ன தேதிக்குள்ள வெல ஏறலீன்னா அட்வான்ஸ் போயிரும்" என்றார். எத்தனை முறை போனது என்று கேட்டேன். அதற்கு ஒன்றே ஒன்று சொன்னார்: "நான் வாங்கச் சொல்லல அம்மணி. சத்தியமா நான் ஒண்ணையும் வாங்கச் சொல்லல. அந்தப் புள்ளதான் வாங்கிப்போட்டுது."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆகவே மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரையும் இழுத்துக்கொண்டு காந்திபுரம் போனேன்.

மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். டீ வரவழைத்தார். நான் தொடவில்லை, என் வீட்டுக்காரர் குடித்தார். சொல்லாமலே எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டேன். "எல்லாம் ரெக்கார்டு ஆயிருக்குதுங்கம்மா" என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் ஒன்றைப் போட்டார்.

"அப்பா, கையில இருக்கறத வித்துப்போட்டு இத வாங்கிடட்டுங்களா?"

"சரிங்க கண்ணு."

அடுத்ததைப் போட்டார். அதிலும் அவள் கேட்க, இவர் சரிங்க. அடுத்தது, அதற்கடுத்தது. குளிர்ந்த அறையில் என் வீட்டுக்காரர் குரல் சரிங்க சரிங்க என்று வந்துகொண்டே இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன் சத்தத்தைத்தான் போடுகிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் 'சரிங்க' என்பது பதிலே அல்ல. நீங்கள் பேசியது காதில் விழுந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே குடும்பத்தோடு வந்து தங்க வேண்டும் என்பார்கள். சரிங்க என்போம். நாங்களும் போக மாட்டோம், கூப்பிட்டவர்களும் பாய் விரித்துக் காத்திருக்க மாட்டார்கள். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், "சரிங்க, சொல்லி அனுப்பறோம்" என்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று பொருள். நிஜமாகவே சம்மதம் என்றால், "பண்ணிப்போடலாமுங்க" என்று எங்கள் வாயில் வரும். இல்லை என்று மட்டும் வராது. முகத்துக்கு நேரே இல்லை என்பது எங்கள் ஆட்களுக்குச் செருப்பைக் கழற்றுவது மாதிரி.

"நீங்க எந்த ஊருங்க?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"கோபிப் பக்கமுங்கம்மா." அந்தியூருக்குப் பக்கம்தான்.

"உங்கூட்டுல சரிங்கன்னா என்னங்க அர்த்தம்?"

அவர் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியுமுங்க. ரெக்கார்டுக்குத் தெரியாதுங்களே."

"நீங்கெல்லாம் நல்லாயிருப்பீங்களாங்க?" என்று கத்தினேன். சாபம் கொடுக்கும்போதும் 'ங்க' போட்டுத்தான் கொடுத்தேன். என் பிறவி அப்படி. அவரும் கோபமே படாமல், எங்கே வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாமுங்க, கேட்டால் இதே ரெக்கார்டை அங்கேயும் கொடுப்போமுங்க என்றார். சொல்லிக்கொண்டே இன்னொன்றைத் தட்டினார். அதை மேனேஜர் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"கண்ணு, இது ஊடு கட்டற காசுங்க. போதுமுன்னு பாக்கறேன். எங்கூட்டுல அவ தண்ணிக்கு நெம்பச் சிரமப்படறா."

"இப்ப வெளிய வந்தா நட்டத்தோட போகோணுமுங்கப்பா. ஒரே வாரம் பொறுங்க. நான் பாத்துக்கறேன்."

"சரிங்க கண்ணு. நீ சாப்டியா?"

மேனேஜர் அவசரமாக நிறுத்தினார். எனக்கு என் வீட்டுக்காரர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. நான் தண்ணீருக்குச் சிரமப்படுவது இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் போய் முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு அவள் சாப்பிட்டாளா என்று கேட்டிருக்கிறார். அவர் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த டீ கிளாசைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

கணக்கை மூடி மிஞ்சியதை எடுத்துக்கொண்டு வந்தோம். அதை வைத்துச் சுவர் எழுப்ப முடியாது. எனக்கு இன்னும் சில வருட சர்வீஸ் இருந்ததால் என் சம்பளத்தின் பேரில் வீட்டுக்கடன் வாங்கத் தீர்மானித்தேன். மனை அவர் பேரில் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே கடனுக்குக் கையெழுத்துப் போடலாம் என்று வங்கியில் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மிச்சமிருக்கிற அந்த மண்ணும் யாரோ ஒருத்தி அப்பா என்று கூப்பிட்டால் போய்விடும். என் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். கேட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "சரி அம்மணி" என்றார்.

பத்திரம் தயாராயிற்று. சாட்சிக்குக் கொத்தனாரே ஓர் ஆளோடு வந்தார். சுவர் வேலை தனக்குத்தான் என்று அவருக்கும் சந்தோஷம். பத்திர ஆபீசில் எங்கள் முறை வந்ததும் உள்ளே போய் நின்றோம். பதிவாளர் வயதில் சின்னப் பெண். போட்டோ எடுத்தார்கள். ரேகை வைப்பதற்கு முன்னால் அவள் பத்திரத்தைப் புரட்டிவிட்டு என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்து வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"அய்யா, இந்தச் சொத்தை உங்க சம்சாரத்துக்கு முழு மனசோட எழுதிக் குடுக்கறீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

"இல்லீங்க" என்றார்.

அவள் இன்னொரு முறை கேட்டாள். அவர் குரல் இன்னும் தெளிவாக வந்தது. "மனசில்லீங்க. அது ஒண்ணாச்சும் என்ற பேருல இருக்கட்டுமுங்க."

இந்த 'இல்லீங்க'வைப் பேக்கரியில் ஒருவனிடம் சொல்லியிருக்கலாம். அந்த டீலர் பெண்ணிடம் ஒரே ஒரு காலையில் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடமாக எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை என்னிடம் கொண்டுவந்து கொட்டினார் மனிதர். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பின்னால் கொத்தனார் தொண்டையைச் செருமினார்.

பதிவாளர் பத்திரத்தை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"என்னங்கம்மா, வர்றதுக்கு முன்னால இவருகிட்டக் கேக்கறதில்லீங்களா?"

"கேட்டனுங்க" என்றேன். "சரின்னு சொன்னாருங்க."