லக்சரில் ஓர் அர்ச்சனை

"…சாமி போனாலும் கோயில் கோயில்தானே பிள்ளை, சப்பாத்தைக் கழட்டு" என்று சொல்லிக்கொண்டே அம்மா தன் செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார். எகிப்தில், லக்சர் ஊரில், கூரை போன பழைய கோயிலொன்றின் வாசலில் நின்றோம். எனக்கு ஒன்பது வயது. அத்தனை பயணிகளுக்குள்ளும் வெறுங்கால்காரர் நாங்கள் இருவர்தான்.

"உமக்கென்ன விசரே? கல்லுக் கொதிக்குது" என்றார் அப்பா.

"கொதிக்கட்டும். தோசையே சுடப்போறம்? நீங்களும் கழட்டுங்கோ."

அம்மாவின் வாயில் எதற்கும் ஒரு சொல் தயாராக இருக்கும். அப்பா கழற்றினார். அந்த மாதங்களில் அம்மா எதைச் சொன்னாலும் அவர் உடனே செய்தார்.

ஹரோவில் வீடு, சனிக்கிழமை தமிழ் வகுப்பு, விட்டால் விம்பிள்டன் கோயில் என்றிருந்த குடும்பம் நாங்கள். திடீரென்று எகிப்து. பள்ளி விடுமுறைக்கு என்றார்கள். அம்மாவின் நோய்க்கு ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள் என்பதும், சின்ன வயதில் பாடப்புத்தகத்தில் பார்த்த இந்தக் கோயிலின் தூண்களை ஒருமுறை காணவேண்டும் என்று அம்மா கேட்டார் என்பதும் பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. மருந்தால் கொட்டிய முடி நல்ல வெயில் பட்டால் வளரும் என்று அப்பா சொல்லியிருந்தார். அதை நம்பி, அம்மாவின் தலைத்துணியை அடிக்கடி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே, பெரிய தூண்களுக்கு நடுவே, முகம் சிதைந்த ஒரு கற்சிலை. வழிகாட்டி அரசர்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டு போனார். அம்மா அவரை விட்டு விலகி, சிலைக்கு முன்னால் போய்க் கைகூப்பினார். அர்ச்சனைக்கு ஐயரிடம் வீட்டாரின் விபரம் கொடுப்பதுபோல, அப்பாவின் பெயர், பூராடம், என் பெயர், ரோகிணி என்று தெளிவாகச் சொன்னார். அதோடு நிறுத்திவிட்டார்.

"அம்மா, உங்கட பேரை விட்டிட்டீங்கள்."

"கண்ணும் மூக்கும் போன சாமி, பாவம். கனபேரை நினைவு வைக்க ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் போதும்."

அப்பா சட்டென்று திரும்பி நின்று தூண்களைப் படமெடுத்தார். கமராவின் மூடியை அவர் கழற்றவே இல்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் அம்மாவின் மேல் கோபம் தீரவில்லை. விம்பிள்டனில் அவர் ஒருநாளும் தன் பெயரை விட்டதில்லை. "திரும்பச் சொல்லுங்கோ" என்று அடம்பிடித்தேன்.

அம்மா சிரித்தார். நிழலில் கிடந்த ஒரு கல்லில் அமர்ந்து, என்னைத் தன் முன்னால் இருத்தி, காலையில் தானே அழகாகப் பின்னிவிட்ட என் பின்னலை அவிழ்த்தார். கைப்பையிலிருந்த சீப்பை எடுத்து என் கையில் தந்தார். என் விரல்களைத் தன் விரல்களால் பிடித்து, முடியை மூன்றாகப் பிரித்து எப்படிப் பின்னுவது என்று காட்டினார். கோயில் பார்க்க வந்த இடத்தில் இது எதற்கு என்று சிணுங்கிக்கொண்டே பின்னினேன். கோணலாக வந்தது.

அம்மா அதை அவிழ்த்துவிட்டு, சீப்பை மறுபடியும் என் கையில் தந்தார்.